கனவுலக அனிமே: உங்கள் மண்டையை விட்டுப் போகாத ஒரு காட்சி?

பால்கனிப்பூனை:
மடோகா மேஜிக்கா என்ற அனிமே தொடரின் மூன்றாம் எபிசோட். பார்க்காதவர்கள் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுங்கள். கேக், மிட்டாய், கிரீம் என்று இனிப்பாலேயே ஆன உலகம். உயரமான நாற்காலியில் சின்னப் பொம்மை ஒன்று. அதன் வாயிலிருந்து கறுப்பாக, நீளமாக ஏதோ வெளியே வருகிறது. அதற்கும் ஒரு முகம், அதில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான். மாமி என்ற மாயசக்திப் பெண்ணின் தலை போனதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அரைத்தூக்கம்:
சிரிப்பு இல்லைங்க காரணம். பெண்களெல்லாம் வழக்கமான அனிமே முகத்தோடு நிற்கிறார்கள். அந்தப் பொம்மை ஒரு சூனியக்காரி, அதன் இனிப்பு உலகம் மட்டும் கத்தரித்து ஒட்டிய காகிதம் மாதிரி. கெகிடான் இனு கரி என்ற இருவர் குழுவின் கைவேலை அது. ஒரே ஃபிரேமில் இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன, அங்கேதான் வயிறு கலங்குகிறது.

என் காட்சி பாப்ரிகா (2006) படத்தில். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த ஆய்வுக்கூடத் தலைவர் ஷிமா, திடீரென்று தவளை, ஊர்வலம் என்று உளற ஆரம்பித்து, ஓடிப்போய் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதிக்கிறார். எந்த வார்த்தையில் புத்தி தடம் மாறியது என்று திரும்ப ஓட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. ஃபிரிட்ஜும் பொம்மைகளும் ஊர்வலம் போவதைத்தான் எல்லாரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அது வெறும் வேடிக்கை.

நனைந்தகுடை:
ஏஞ்சல்ஸ் எக் படம், 1985. ஓஷீ இயக்கம், அமானோவின் ஓவிய உலகம். சிலையாக நின்ற மீனவர்கள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சுவர்களின் மேல் பிரமாண்டமான மீன்கள் நீந்துகின்றன. நிழல்தான், மீன் கிடையாது. ஈட்டி சுவரில் குத்துகிறது, நிழல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன குறியீடு என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். நிழல் விழ விளக்கு வேண்டுமே, அது எங்கே?

பழையடிவிடி:
நானும் பார்த்தேன். அந்தச் சிறுமி முட்டையை உடைக்குள் ஒளித்துக்கொண்டு நடப்பதுதான் நினைவிருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து இதில் தொடங்காதீர்கள். முதலில் ஸ்பிரிட்டட் அவே (2001). தண்ணீர் மேல் ரயில் போகும் இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும். பிறகு பாப்ரிகா, கடைசியில் ஓஷீ. போனில் வேண்டாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அந்த மனுஷன் கேமராவை அசைக்காமல் வைத்திருப்பதற்காகத்தானே பார்க்கிறோம்? டிவியில் மோஷன் ஸ்மூதிங் (இடையிடையே ஃபிரேம்களைத் தானாகச் சேர்த்து அசைவை மழுப்பும் வசதி) இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையால் வரைந்த அசைவெல்லாம் எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு ஓடும்.