ஹேக்கர் கண்ணில் முதலில் படுவது யார்?

நெட்வொர்க்காரன்

"நம்மகிட்ட என்ன இருக்குன்னு ஹேக் பண்ணப் போறாங்க?" என்று இன்னமும் கேட்கிறார்கள். உள்ளே நுழைந்த பிறகுதான் அது யாருடைய சர்வர் என்றே பல ஹேக்கர்களுக்குத் தெரியும். 2013-இல் வந்த ஜீமேப் ஸ்கேனர், ஜிகாபிட் இணைப்பு இருந்தால் மொத்த ஐபிவி4 (வழக்கமான இணைய) முகவரிகளிலும் ஒரு போர்ட்டை (சர்வருக்குள் போகும் எண்ணிட்ட வாசலை) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியலிடும் ஷோடன் தளத்தில் தேடினால் அந்த வேலையும் மிச்சம். ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389, ஃபைல் ஷேரிங்கின் போர்ட் 445, அப்டேட் பார்க்காத விபிஎன் பெட்டி (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் வழி), இதில் ஏதாவது ஒன்று வெளியே தெரிந்தாலே போதும். தூரத்திலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் திறந்திருக்கும் சர்வரின் லாகை, அதாவது பதிவேட்டைப் பாருங்கள்: ரூட், அட்மின், டெஸ்ட், பேக்கப் என்று விடாமல் லாகின் முயற்சிகள். 2016-இல் மிராய் என்ற மால்வேர் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது வெறும் 60 சொச்சம் ஃபேக்டரி பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

லாக்வாசகி

சரிதான், ஆனால் ஆள் பார்த்துப் பொறுக்குவது அதற்கப்புறம் நடக்கிறது. நுழைந்தவர் பெரும்பாலும் அந்த வழியை விற்றுவிடுவார். விளம்பரத்தில் கம்பெனி பெயர் இருக்காது. நாடு, துறை, ஆண்டு வருமானம், கிடைத்திருப்பது அட்மின் உரிமையா இல்லையா, இவ்வளவுதான். வாங்குகிற ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிப்பவர்கள்) கணக்கு ஃபைல்களையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் தேடிப் படித்துவிட்டுத்தான் தொகை சொல்லும். 2021-இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனில் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு வழியாக. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. கம்பெனி கொடுத்தது 75 பிட்காயின்.

ஆள் வேலையை விட்டுப் போனதும் மெயிலை மூடிவிடுகிறோம். விபிஎன் பெட்டிக்குள்ளேயே உருவாக்கிய லோக்கல் யூசர் அப்படியே கிடக்கும். அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்துப் பாருங்கள், தயவுசெய்து.

மெயில்பாதுகாப்பு

தனி ஆட்களைப் பற்றி. 2012-இல் லிங்க்ட்இன்னில் திருடப்பட்ட விவரங்களில் 11.7 கோடிக் கணக்குகளின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் 2016-இல் விற்பனைக்கு வந்தன. ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைத்திருப்பவர்களை ஸ்கிரிப்ட்டே கண்டுபிடித்துவிடும், யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. குறிவைத்துத் தேடுவது பணம் அனுப்பும் அதிகாரம் உள்ளவரை, ரெஸ்யூமே அட்டாச்மென்ட்டைத் திறந்தே ஆகவேண்டிய எச்ஆரை, "இன்று சேர்ந்தேன்" என்று பதிவு போட்ட புதியவரை. புதியவருக்கு மேலதிகாரி எப்படி எழுதுவார் என்று இன்னும் பழகியிருக்காது, அதனால்தான்.

மெயில் பெட்டி கைக்கு வந்ததும் ஒரு ரூல் போடுவார்கள்: "இன்வாய்ஸ்", "பேமென்ட்" என்று வரும் மெயில் எல்லாம் யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ரூல் அழியாது. ரூலையும் ஃபார்வர்டிங்கையும் கையால் நீக்குங்கள், திறந்திருக்கும் செஷன்களை எல்லாம் வெளியேற்றுங்கள்.

நெட்வொர்க்காரன்

ஒன்று விட்டுப்போனது, சப்ளையர்கள். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் 4 கோடி கார்டு விவரங்கள் போனது, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாக. "எங்கள் வாடிக்கையாளர்கள்" என்று லோகோக்களை வரிசையாக அடுக்கும் சின்னக் கம்பெனிகளே, உங்களிடம் இருக்கும் க்ளையன்ட் லாகின்கள் எத்தனை பேர் கையில் என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள்.