"நம்ம குடும்பம்" குழுவில் ஒரு பிளோரிடா பட்டியல்

குமார் சித்தப்பா: டிசம்பர் கடைசி வாரம் சிகாகோ குளிர்ல இருந்து தப்பிக்கிறோம். மியாமி டிக்கெட் போட்டாச்சு. இயற்கைக்கு வியாழன், வெள்ளி ரெண்டு நாள். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலப் பார்க், பிக் சைப்ரஸ், பிஸ்கேன், ட்ரை டார்டுகாஸ், கீ லார்கோ பவளப்பாறை, கார்க்ஸ்க்ரூ, சானிபல் தீவு. மாலதி, ஏதாவது விட்டுப்போச்சா பாரும்மா

கார்த்தி: தூக்கம் விட்டுப்போச்சு சித்தப்பா 😄

மாலதி: சித்தப்பா, ட்ரை டார்டுகாஸ் கீ வெஸ்ட்ல இருந்து கடலுக்குள்ள இன்னும் 70 மைல். ரோடு கிடையாது. படகு, இல்லன்னா கடல் விமானம். அதுக்கே ஒரு நாள் முழுசா போயிடும். அடிச்சிடுங்க

மாலதி: பிஸ்கேனும் இந்தத் தடவை வேண்டாம். அந்தப் பார்க்ல 95 சதவீதம் தண்ணி. படகு எடுக்கலன்னா கரையில நின்னு காத்து வாங்கிட்டு வர வேண்டியதுதான். கீ லார்கோவும் அதே கதை, தண்ணிக்குள்ள இறங்கறவங்களுக்குத்தான் அது

குமார் சித்தப்பா: நான் இறங்குவேனே

வனஜா சித்தி: அவர் ஒண்ணும் இறங்க மாட்டார். மாலதி நீ சொல்லு

மாலதி: வியாழன் முழுக்க எவர்கிளேட்ஸ். ஹோம்ஸ்டெட் பக்கம் இருக்கற வாசல். வெள்ளிக்கிழமை டாமியாமி ட்ரெயில் ரோட்டைப் பிடிச்சு மேற்கே எங்க பக்கம் வந்துடுங்க. அவ்ளோதான்

குமார் சித்தப்பா: நாள் முழுக்க ஒரே இடமா? 15 லட்சம் ஏக்கர்னு போட்டிருக்கான், ஆனா போட்டோல எல்லாம் வெறும் புல்லு

மாலதி: காருக்குள்ளயே உக்காந்து போனா புல்லுதான் தெரியும் சித்தப்பா. வாசல்ல இருந்து கடைசியில ஃப்ளமிங்கோங்கற இடம் வரைக்கும் 38 மைல் ரோடு. நடுவுல "ராக் ரீஃப் கணவாய், உயரம் 3 அடி"ன்னு ஒரு போர்டு வரும்

கார்த்தி: 3 அடிக்கு கணவாயா 😂😂

மாலதி: சிரிக்காதடா, அங்க அதான் விஷயமே. தரை அரை அடி, ஒரு அடி ஏறினாலே காடு மாறிடும். தண்ணி நிக்கற இடத்துல ரம்பப்புல். சுண்ணாம்புப் பாறை கொஞ்சம் மேல வந்தா பைன் மரம். சின்ன மேடு வந்துட்டா மகோகனி, கம்போ லிம்போன்னு அடர்த்தியான தோப்பு. உப்புத் தண்ணி கலக்கற இடத்துல அலையாத்திக் காடு. அங்கங்க நிறுத்தி இறங்கினா ஒரே நாள்ல இத்தனையும் பாத்துடலாம்

நிலா: கம்போ லிம்போவை அங்க "டூரிஸ்ட் மரம்"னு கூப்பிடுவாங்க. பட்டை செவந்து போய் உரிஞ்சிட்டே இருக்குமாம், வெயில்ல கிடந்த வெள்ளக்காரங்க முதுகு மாதிரி

வனஜா சித்தி: முதலை நடக்கற வழியிலயே படுத்திருக்குமாமே? நிஜமா?

மாலதி: சில சமயம் இருக்கும் சித்தி. 15 அடி தள்ளி நில்லுங்கன்னு பார்க்கே சொல்லுது. அது பாட்டுக்கு வெயில் காயும். தீனி மட்டும் போடவே கூடாது, பிளோரிடா சட்டப்படி குற்றம். தீனி போட்டுப் பழக்கினா மனுஷனைக் கண்டு பயம் போயிடும், அப்புறம்தான் ஆபத்து

நிலா: அப்பா, அலிகேட்டரும் குரோக்கடைலும் இயற்கையில சேர்ந்து வாழறது உலகத்துலயே தெற்கு பிளோரிடாவுல மட்டும்தான். அகலமா உருண்ட மூஞ்சி, கருப்பா இருந்தா அலிகேட்டர். மூஞ்சி ஒல்லியா, வாயை மூடினாலும் கீழ்ப்பல்லு வெளிய தெரிஞ்சா குரோக்கடைல்

மாலதி: குரோக்கடைல் பாக்கணும்னா ஃப்ளமிங்கோ படகுத்துறை. மானட்டியும் (கடல்பசு) அங்கயே வரும், மேல மூக்கு மட்டும் தெரியும், பொறுமையா நிக்கணும்

வனஜா சித்தி: எனக்கு முட்டி வலி. ரொம்ப நடக்கணுமா?

மாலதி: இல்ல சித்தி. அன்ஹிங்கா ட்ரெயில் போக வர சேர்த்து ஒரு மைல் கூட இல்ல. ஏத்தம் இறக்கமே கிடையாது, பாதி மரப்பாலம். ஆனா காலையில சீக்கிரம் போகணும். என்னைக் கேட்டா மொத்த பார்க்லயும் அந்த ஒண்ணு போதும்

நிலா: அன்ஹிங்கா நம்ம பாம்புத்தாராவோட சொந்தக்காரப் பறவை!! நீந்தும்போது கழுத்து மட்டும் வெளிய தெரியும். இறகுல தண்ணி ஊறும், அதனாலதான் ஈசியா முங்கி மீன் பிடிக்கும். அப்புறம் கிளையில உக்காந்து ரெக்கையை விரிச்சுக் காயப் போட்டுக்கும்

குமார் சித்தப்பா: குளிர்காலத்துல பறவை இருக்குமா? மழைக்காலத்துலதானே பச்சையா இருக்கும்

மாலதி: பச்சை இருக்கும், ஆனா எங்க பாத்தாலும் தண்ணியா இருக்கும், விலங்கெல்லாம் சிதறிப் போயிடும். கொசு வேற பிடுங்கித் தின்னும். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தண்ணி வத்த வத்த மீனெல்லாம் பள்ளமான குட்டைகள்ல ஒதுங்கும். அதைத் தேடிப் பறவை வரும், முதலையும் வரும். நீங்க சரியான நேரத்துலதான் வர்றீங்க

மாலதி: கார்த்தி, வாடகைக் கார் உன் பேர்லதானே? அங்க பார்க்கிங்ல பிணந்தின்னிக் கழுகுங்க வைப்பர், கண்ணாடி ரப்பரையெல்லாம் பிச்சுப் போட்டுடும். மூடி வைக்க தார்ப்பாய் அங்கயே தருவாங்க, எடுத்துக் கட்டிடு

கார்த்தி: என்னது??

வனஜா சித்தி: கழுகு காரைத் திங்குமா 😳

நிலா: திங்காதும்மா, பிச்சுப் பிச்சு இழுக்கும்

குமார் சித்தப்பா: சரி, ஏர்போட்? அந்தப் பெரிய ஃபேன் வச்ச படகு. அது இல்லாம எவர்கிளேட்ஸா

நிலா: அப்பா பறவையெல்லாம் ஓடிடும் அந்தச் சத்தத்துக்கு

மாலதி: ஹோம்ஸ்டெட் வாசல் வழியா போனா பார்க்குக்குள்ள ஏர்போட் கிடையாது. வெள்ளிக்கிழமை வர்ற டாமியாமி ட்ரெயில்ல இருக்கு. எனக்குப் பிடிக்காது, காது அடைச்சிடும். உங்களுக்கு ஆசைன்னா ஏறுங்க, ஆனா பறவை பாக்கற கணக்குல அதைச் சேர்க்காதீங்க. அதே ரோட்டுல பிக் சைப்ரஸ் சதுப்புக்காடும் வந்துடும், அங்க நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓயாசிஸ் மையத்துல நிறுத்தினா கால்வாய்ல அலிகேட்டர் வரிசையா கிடக்கும்

குமார் சித்தப்பா: அன்னைக்கே சானிபல் வந்துடறோம். அந்த ரோஸ் கலர் கரண்டி வாயன் பறவையைப் பாக்கணும்

மாலதி: வெள்ளிக்கிழமை சானிபல்ல இருக்கற டிங் டார்லிங் சரணாலயத்தோட வைல்ட்லைஃப் ட்ரைவ் ரோடு மூடியிருக்கும் சித்தப்பா. வாரா வாரம் அப்படித்தான். அதுவும் தவிர கடல் வத்தற நேரம் பாத்துப் போனாதான் பறவைங்க சேத்துல இறங்கி மேயறதைப் பாக்கலாம்

குமார் சித்தப்பா: அட

மாலதி: அதனால வெள்ளி மத்தியானம் கார்க்ஸ்க்ரூ. 1954ல இருந்து ஆடுபான்ங்கற பறவைப் பாதுகாப்புச் சங்கம் காப்பாத்தி வச்சிருக்கற சதுப்புக்காடு. மரம் வெட்டறவங்க கைக்குத் தப்பின பழைய சைப்ரஸ், நூத்துக்கணக்கான வருஷ மரங்க. இலை உதிர்ந்து மொட்டையா நிக்கும், அதனால பறவை நல்லாத் தெரியும். மரப்பாலம் 2.25 மைல், சித்திக்கு உக்கார பெஞ்ச் இருக்கு. கார்த்தி, டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடு

கார்த்தி: எடுத்துடறேன்க்கா. எவர்கிளேட்ஸுக்கு எவ்ளோ?

மாலதி: காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும். கார்டுதான், கேஷ் வாங்க மாட்டாங்க

மாலதி: சித்தப்பா, இன்னொண்ணு. எந்த இலையைப் பாத்தாலும் கிள்ளி மோந்து பாக்கற பழக்கத்தை அங்க விட்டுடுங்க. பாய்சன்வுட்னு ஒரு மரம் இருக்கு, பட்டையில கருப்பு கருப்பா திட்டு இருக்கும். பால் பட்டா தோல் வெந்துபோன மாதிரி ஆயிடும்

குமார் சித்தப்பா: எங்க பிச்சாவரத்துல தில்லைப் பால் பாத்தவன்மா நான். எனக்கே சொல்றியா

வனஜா சித்தி: அவருக்குத்தான் சொல்லணும். போன வருஷம் எதையோ கிள்ளிட்டு ரெண்டு நாள் கையைச் சொறிஞ்சிட்டு இருந்தார்

குமார் சித்தப்பா: அது வேற செடி

நிலா: அப்பா பைனாகுலர் நான் எடுத்துக்கறேன், நீங்க கேமரா. மாத்திக் கேக்கக் கூடாது

கார்த்தி: வியாழன் காலை எத்தனை மணிக்குக் கிளம்பணும்க்கா?

மாலதி: விடியறப்போ வாசல்ல இருக்கணும். மியாமியில இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், கணக்குப் போட்டுக்கோ

குமார் சித்தப்பா: 👍 நான் எழுந்துடுவேன். சித்தியைத்தான் எழுப்பணும்

வனஜா சித்தி: யாரு யாரை எழுப்பறதுன்னு நிலாவைக் கேளுங்க