மைதானத்துக்கு நிதி கேட்டுப் போன அனுபவங்கள்: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

குளத்துமேட்டான்

நமக்கு நாமே திட்டத்தில் பணம் கட்டிய ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன்: ஊர் வேலைக்கான செலவில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு தரும். எங்கள் கைப்பந்து மைதானத்துக்குச் சுற்றுச்சுவரும் உட்காரப் படிக்கட்டும் கேட்டிருந்தோம். மூன்றில் ஒரு பங்கை ஊர் சேர்த்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள் ஒரு பகுதியை அனுப்பினார்கள், மீதியை அறுவடை முடிந்து வீடு வீடாக வசூலித்தோம். வரைவோலை எடுப்பதற்கு முன்பு இடத்தைப் பார்க்க ஒன்றியப் பொறியாளரும் சர்வேயரும் வந்தார்கள்.

அந்தக் காலைப்பொழுதுதான் இன்னும் உறுத்துகிறது. சர்வேயர் புலப்படத்தை மோட்டார் சைக்கிள் இருக்கையில் விரித்து வைத்துவிட்டு, எல்லைக் கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்தார். எங்கள் வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். செருப்பு நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "இந்தப் பக்கம் நத்தம். அந்தப் பக்கம் ஓடைப் புறம்போக்கு. அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது" என்றார். நத்தம் என்றால் ஊர்க் குடியிருப்பு நிலம், ஓடைப் புறம்போக்கு என்றால் ஓடைக்கான அரசு நிலம். அவர் ஓடை என்று சொன்ன இடத்தில் என் அப்பா காலத்திலிருந்து பந்து விளையாடுகிறார்கள். தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆனால் பதிவேட்டில் அது ஓடை, நீர்நிலையில் கட்டுவதற்கு நீதிமன்றம் விடாது. பொறியாளர் மதிப்பீட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். எங்கள் அணித் தலைவன் வாய் திறக்கவில்லை, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பணம் வங்கியில் கிடக்கிறது. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் சுவர் எப்போது என்று கேட்கிறார்கள். இப்படிப் பாதி ஆடுகளத்தோடு மாட்டிக்கொண்ட ஊர் வேறு எங்காவது உண்டா?

பழைய ஓவர்சியர்

தம்பி, நான் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர், ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு மதிப்பீட்டில் பாதிக்கு மேல் தானே கட்டினார். பாதி கட்டினால் ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யலாம். தளம் போட்ட மறுநாள் அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். என் பணிக்காலத்தில் அவ்வளவு உறுதியான தளத்தை நான் அளந்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வசூலுக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டைப் பார்த்திருக்க வேண்டும். நில வகைப்பாடு தெரியாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கிராம சபைத் தீர்மானத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும் இருக்க வேண்டும், 'ஊர் மைதானம்' என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும், இது பலருக்குத் தெரியாது. பங்களிப்புக்கு வழியில்லாத ஊர்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். அவருடைய தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி என்றாலும் அது ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குச் சேர்த்து. கணக்குப் போட்டால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியும்.

கைப்பந்து ஆடுகளம் 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15 மீட்டர். நத்தம் பக்கத்தில் அந்த அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் கம்பத்தை நகர்த்திக்கொண்டு புதிய தீர்மானம் போடுங்கள். சுவரும் விளக்கும் முதலில் வரட்டும், மற்றவை பின்னால் தானாக வரும்.

குளத்துமேட்டான்

அளவுக்கு நன்றி ஐயா, அளந்து பார்க்கிறோம். ஆனால் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டியது நாங்கள் மட்டும்தானா? மதிப்பீடு தயாரித்த அலுவலகத்தில் அதே பதிவேட்டின் நகல் இருக்கிறது. சுவரின் நீளத்தைச் சென்டிமீட்டர் வரை கணக்கிட்டவர்கள், அது எந்த நிலத்தில் நிற்கப்போகிறது என்று ஏன் பார்க்கவில்லை? வசூல் நோட்டில் பெயர் எழுதியவர்களுக்கு அந்த அலுவலகம் பதில் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வடமராட்சி வாசகன்

எங்கள் பக்கத்தில் நிலம் பிரச்சினையில்லை. காணி கழகத்தின் பெயரில் இருக்கிறது, உறுதிப் பத்திரமும் இருக்கிறது. காசுதான் மழையோடு வருகிறது. இலங்கையில் நிதியாண்டு டிசம்பர் 31-ஆம் திகதியோடு முடிகிறது. ஒதுக்கீடு வந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட்டு, கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதி முடிப்பதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். வடக்கில் அதுதான் மாரி காலம். ஆண்டு முடிவதற்குள் வேலையை முடித்துக் கணக்குக் கொடுக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும்.

எங்கள் கரப்பந்தாட்ட (உங்கள் கைப்பந்து) திடலுக்குக் கொங்கிறீற் போட்ட இரவில் மழை பிடித்துக்கொண்டது. பொடியன்கள் நான்கு மூலையிலும் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. ஒருவன் விளக்குமாற்றுத் தடியால் அதை மேலே தள்ளினான். அவ்வளவு தண்ணீரும் ஒரு பக்கமாகச் சரிந்து, அப்போதுதான் இழுத்து மட்டம் பார்த்த தரையில் விழுந்தது. சீமெந்துப் பால் வாய்க்காலை நோக்கி ஓடியது. உத்தியோகத்தர் குடையோடு நின்று, "விட்டால் அடுத்த வருடம் இந்தக் காசு கிடைக்காது" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அவரில் எனக்குக் கோபமில்லை.

இப்போது அந்த மூலையில் சல்லிக்கல் எழும்பி நிற்கிறது. பாய்ந்து பந்தெடுக்கிற பிள்ளைகளின் முழங்கால் உரிகிறது. வைகாசியில் போட்டிருந்தால் அதே காசில் நல்ல தரை கிடைத்திருக்கும். ஒதுக்கீட்டைத் தை மாதத்திலேயே விடுவிக்க ஏன் முடியாது என்று ஒவ்வொரு சங்கமும் எழுத்தில் கேட்க வேண்டும்.

கபடி அக்கா

ஓவர்சியர் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், மற்றவை தானாக வருவதில்லை. எங்கள் ஊரில் சுவர் வந்தது, விளக்கு வந்தது, பல ஆண்டுகளாகப் பெண்களுக்கு ஓர் அறை வரவில்லை.

நான் பள்ளி மாணவிகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்து ஊர் அணி வந்த ஒரு சனிக்கிழமை, உடை மாற்ற இடமில்லாமல் எல்லாரும் தேர்க் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். நான்கு பெண்கள் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். காற்றில் அது நிற்கவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பையைத் திறக்காமல் பள்ளிச் சீருடையோடே திரும்பி வந்து, "அக்கா, நான் ஆடவில்லை" என்றாள். அவர்கள் அணியில் பாடிப் போவதில் அவள்தான் கெட்டிக்காரி.

மே 1 கிராம சபையில் எழுந்து கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் கேட்டேன். மைதானப் பணியில் அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை என்றார்கள். ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று விதி இருந்தது. கழிப்பறை சுகாதாரத்தில் வராமல் வேறு எதில் வரும்? இதைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த ஆண்களே பேச்சை மாற்றி, உயர்கோபுர விளக்கு இன்னொன்று வேண்டும் என்றார்கள். கிராம சபைக்குப் பெண்கள் தனியாகப் போகாதீர்கள், மகளிர் குழுவோடு போங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். 2024-இல் ஊராட்சிகளுக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். எங்கள் ஊரில் அது பீரோவுக்குள் இருந்தது, நான் கேட்ட பிறகுதான் சாவி வெளியே வந்தது.

உள்ளூர் நடுவர்

அக்கா சொன்ன விளக்கைப் பற்றி என்னிடமும் ஒன்று இருக்கிறது. பொங்கல் கபடிப் போட்டி, இறுதி ஆட்டம், ஒரு புள்ளி வித்தியாசம். பாடிப் போனவன் மூலையில் இருந்தவனைத் தொடுகிற நேரத்தில் உயர்கோபுர விளக்கு அணைந்தது. இருட்டில் உடல்கள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இரண்டு மோட்டார் சைக்கிள்களின் விளக்கைப் போட்டபோது எட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவராகக் கோட்டின் மேல் கிடந்தார்கள். தொட்டுவிட்டேன் என்கிறான் ஒருவன், பிடித்துவிட்டோம் என்கிறார்கள் மற்றவர்கள். எதையும் பார்க்காமல் புள்ளி கொடுக்க முடியாது. அந்தப் பாட்டத்தை ரத்து செய்தேன். தோற்ற அணியின் ஊர்க்காரர்கள் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

மின்தடை இல்லை. மின்கட்டணம் கூடுகிறது என்று ஊராட்சியில் நேரக் கருவி வைத்து, பத்து மணிக்கு அணையும்படி அமைத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் கம்பம் நடுவதற்கு முன்பே, பராமரிப்பை ஏற்கிறோம் என்று பயன்படுத்தும் அமைப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பெயரே இல்லை. விளக்கு கேட்டு மனு எழுதுகிறவர்கள் கட்டணம் யார் கட்டுவது, போட்டி நாளில் நேரக் கருவியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.