வகுப்பு மாணவனின் குடும்பத்துக்கு உதவி தேவை: யாரிடம், எப்படிப் பாரப்படுத்துவது?

வலிகாமத்து ஆசிரியை:
தரம் 4 படிப்பிக்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன் இந்தத் தவணையில் பாதி நாள்கூட வரவில்லை. வரும் நாள்களில், பாடசாலையில் கொடுக்கும் அவித்த பயற்றில் பாதியைக் கொப்பித் தாளில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கிறான். கேட்டால், "தங்கச்சிக்கு ரீச்சர்" என்கிறான். தாய் விடியற்காலையிலேயே வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விடுகிறார். தகப்பன் குடித்தால் வீட்டில் சண்டை என்று அயலவர் சொல்கிறார்கள். மூன்று வயதுத் தங்கையைப் பார்ப்பது இவன்தான்.

ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பி ஒரு மாதமாகிவிட்டது. பதில் இல்லை. தாயோ, "பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சிறுவர் இல்லத்தில் விட்டுவிடுவார்கள், வேண்டாம் ரீச்சர்" என்று அழுகிறார். எங்கே பிழை விட்டேன்?

ஓய்வுபெற்ற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்:
இங்கே ஊர்ப் பெயரையும் பாடசாலைப் பெயரையும் எழுதாமல் விட்டது மிக நல்லது. பையனின் உடம்பில் காயம் ஏதும் கண்டீர்களா? வீட்டுக்குப் போகப் பயப்படுகிறானா? ஆம் என்றால் கடிதத்தை விட்டுவிட்டு இப்போதே 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். கடிதத்தில் என்ன எழுதினீர்கள்?

வலிகாமத்து ஆசிரியை:
காயமோ பயமோ இல்லை ஐயா. "குடும்பம் சீரழிந்து கிடக்கிறது, உடன் நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினேன்.

ஓய்வுபெற்ற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்:
அந்த வசனத்தை வைத்து எந்த உத்தியோகத்தராலும் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. வரவுப் பதிவேட்டைத் திறந்து, வராத நாள்களை எண்ணி எழுதுங்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் அதுவே போதிய காரணம். பயற்றுப் பொட்டலத்தை, கண்ட திகதியோடு, அவன் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அயலவர் சொன்னதை அயலவர் சொன்னதாகவே எழுதுங்கள். அதிபரின் கையொப்பத்தோடு பிரதேச செயலகத்துக்கு நேரில் கொண்டுபோய், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அங்கேயே சந்திக்கலாம். தாய்க்கும் ஆதரவு வேண்டும் அல்லவா?

குடும்பநல உத்தியோகத்தர்:
தங்கைக்கு மூன்று வயது என்றால் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அந்த வீடு தெரிந்திருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ரீச்சர். பிள்ளை வயிற்றில் இருந்த காலம் முதல் படலைக்குள் வந்துபோகிறவர் என்பதால் தாய் மனம்விட்டுப் பேசுவார். வறுமைக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது, இல்லம் கடைசி வழி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளையை இல்லத்தில் விடுவதென்றால் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை, நீதிமன்றம் என்று எத்தனையோ படி இருக்கிறது. உங்கள் கடிதம் ஒன்றால் அது நடந்துவிடாது. தாய்க்குத் தெரியாமல் மட்டும் எதையும் அனுப்பாதீர்கள்.

வலிகாமத்து ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. நேற்று எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரும் நானுமாக அந்த வீட்டுக்குப் போனோம். புதிய கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார் தாய். பயறு பற்றிய வரி வந்ததும் கையால் மறித்து, "இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தங்கையை முன்பள்ளியில் சேர்க்க உதவி வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார். இன்று காலை பிரதேச செயலகத்துக்குத் தாயும் வந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவதாக அங்குள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எழுதித் தந்திருக்கிறார். நானும் அங்கே இருப்பேன்.