மார்செயில் மேயரை யார்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

தண்டையார்பேட்டை கார்த்தி:
என் அக்கா குடும்பம் பிரான்ஸில் மார்செய் நகரத்தின் வடபகுதியில் இருக்கிறது. மாமா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. 2020-இல் இடதுசாரிக் கூட்டணிக்கு ஓட்டுப் போட்டார். மிஷேல் ருபிரோலா மேயரானார். அந்த வருஷம் முடிவதற்குள் பெனுவா பயான் வந்துவிட்டார். நடுவில் தேர்தலே நடக்கவில்லை. இது எப்படி? இன்னொன்று: தெருவில் குப்பை தேங்கிக் கிடந்தாலும் அது மேயர் கையில் இல்லை என்கிறார்களாம். அப்போ யார் கையில் இருக்கிறது?

ராயபுரம் ஹார்பர்காரன்:
தம்பி, முதல் விஷயம் நமக்குப் புதிதல்ல. சென்னையில் 2022-இல் 200 வார்டுக்கும் கவுன்சிலர்களைத்தான் தேர்ந்தெடுத்தோம், அவர்கள் கூடி பிரியாவை மேயராக்கினார்கள். மார்செயிலும் அப்படித்தான். 16 வட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 8 பகுதிகள், நகர மன்றத்துக்கு அப்போது 101 உறுப்பினர்கள். பசுமைக் கட்சிக்காரரான ருபிரோலாவின் அணி முதலிடம் வந்தது, ஆனால் பெரும்பான்மை இல்லை. வடபகுதித் தலைவி சமியா கலியின் ஆதரவு கிடைத்த பிறகுதான் ஜூலை 4-ஆம் தேதி மேயரானார். டிசம்பரில் உடல்நிலை காரணமாக விலகினார். முதல் துணை மேயராக இருந்த சோஷலிஸ்ட் பயானை மன்றமே தேர்ந்தெடுத்துவிட்டது.

உன் இரண்டாவது கேள்விதான் முக்கியம். குப்பை, மெட்ரோ, டிராம், தண்ணீர் எல்லாம் 92 ஊர்கள் சேர்ந்த பெருநகரக் கூட்டமைப்பின் பொறுப்பு, 2016-இல் உருவானது. 2020 தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் மர்த்தீன் வசால் சொந்தப் பகுதியிலேயே தோற்றார். ஆனால் மேயர் தேர்வு முடிந்த ஐந்தாம் நாள் அதே வசால் கூட்டமைப்பின் தலைவராக மறுபடி தேர்வானார். சுற்றியுள்ள ஊர்களில் அவர் பக்கம் ஆள் பலம் அதிகமாக இருந்தது. அப்போது மேயர் நாற்காலி ஒரு கட்சியிடம், குப்பை லாரி இன்னொரு கட்சியிடம்.

துறைமுகமோ இரண்டு பேரிடமும் இல்லை, அது பிரெஞ்சு அரசுடையது. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இது எனக்கு நன்றாகவே புரிகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு இடுக்கில் நுழைந்து போகும். ஜனங்கள் திட்டுவது கவுன்சிலரை. துறைமுகமோ மத்திய அரசுடையது.

வண்ணாரப்பேட்டை செல்வி:
ஆட்சி ஏன் மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சோஷலிஸ்ட் தெஃபேர் 1953 முதல் 1986-இல் இறக்கும் வரை மேயர். வலதுசாரி கோதான் 1995 முதல் 2020 வரை. அவ்வளவு நீண்ட ஆட்சியின் அடித்தளத்தை ஆட்டியது 2018 நவம்பர் 5. ஒபாஞ் தெருவில் 63, 65 எண் கட்டடங்கள் இடிந்து விழுந்தன, 8 பேர் செத்தார்கள். 63 காலியாகக் கிடந்தது, அது மாநகராட்சி சார்ந்த வீட்டுவசதி நிறுவனத்துக்குச் சொந்தம். உயிர் போனது பக்கத்துக் கட்டடமான 65-இல் இருந்தவர்களுக்கு. அப்புறம் நகரம் முழுக்க ஆபத்தான வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். ஜனங்கள் ஊர்வலமாகத் தெருவுக்கு வந்தார்கள். சிதறிக் கிடந்த இடதுசாரிக் கட்சிகளை ஒன்றாக்கியதில் அந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பரில் 24 வீடுகள் இருந்த குடியிருப்பு இடிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விரிசலைப் பார்த்து எல்லோரும் வெளியே வந்ததால் உயிர் பிழைத்தார்கள். அப்போது சென்னையில் கவுன்சிலரே கிடையாது. 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து 2022 வரை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். சுவரில் விரிசல் விட்டால் போய்க் கதவைத் தட்ட ஒரு வார்டு கவுன்சிலர் இல்லை. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

தண்டையார்பேட்டை கார்த்தி:
ரொம்ப நன்றி அண்ணே, செல்வி அக்கா. இனிமேலும் மாமா அதே மாதிரிதான் ஓட்டுப் போட வேண்டுமா?

ராயபுரம் ஹார்பர்காரன்:
இல்லை தம்பி. 2025 ஆகஸ்டில் சட்டம் மாறியது. 2026 மார்ச் தேர்தலிலிருந்து இரண்டு ஓட்டு: ஒன்று பகுதி மன்றத்துக்கு, இன்னொன்று நகர மன்றத்துக்கு. மேயரை நகர மன்றம் கூடித்தான் தேர்ந்தெடுக்கும், அது மாறவில்லை. கூட்டமைப்புக்கு மார்செய் சார்பில் யார் போகிறார்கள் என்பதையும் மாமாவைப் பார்த்துவைக்கச் சொல். குப்பைக்கு அவர்களைத்தான் கேட்க வேண்டும்.