மறு: 'இம்ப்ரெஷன்' என்பதற்குத் தமிழில் – தென்படலா, தலைகாட்டலா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு காணொளியின் முகப்புப் படத்தை யூடியூப் எத்தனை முறை காட்டியது என்று சொல்லும் 'இம்ப்ரெஷன்' என்ற எண்ணுக்குப் போன வாரம் நான் முன்வைத்த 'தென்படல்' என்ற சொல்லை இந்த மடலோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய மூன்று வரிதான் காரணம்.

> தென்பட்டது என்றால் ஒருவர் கண்டுவிட்டார் என்றுதானே பொருள்? "தேடினனான், தென்படேல்லை" என்றுதான் நாங்கள் சொல்லுவம். யூடியூப் எண்ணுவது ஆக்கள் கண்டதை அல்ல, அது காட்டினதை.

மறுக்க வழியில்லை. இரண்டு நாள் யோசித்தும் பதில் கிடைக்காததால் புதுச் சொல் தேடினேன். அதைச் சொல்லும் முன், மதுரை ஐயா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

> விளம்பரத் துறைச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 'இம்ப்ரெஷன்' என்றே எழுதினால் என்ன குறை?

ஐயா, என் மதினி திருச்செந்தூர்ப் பக்கம் பனையோலை முடைகிறவர். குருத்தோலையைக் கீறிக் காயவைப்பது, சாயம் ஏற்றுவது, கொட்டான் முடைவது, சொளகுக்கு விளிம்பு கட்டுவது என்று 38 காணொளிகள் போட்டிருக்கிறார். எல்லாமே திண்ணையில் போனைச் சாய்த்துவைத்து அவரே எடுத்தவை. மாசி மாதம் போட்ட ஒரு காணொளிக்கு நேராக 14,200 என்று ஓர் எண் வந்தது. அவர் கையில் இருந்த பயிற்சிக் கையேட்டில் அந்த எண்ணுக்குப் பெயர் 'பார்வைப் பதிவுகள்'. "பதினாலாயிரம் பேரு பாத்துருக்காவ தம்பி" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தில் 'பார்வைகள் 281' என்று இருந்ததைக் கவனித்திருக்கிறார். எனக்குப் போன் போட்டு, "மிச்சத்த யாரு தம்பி எடுத்துட்டாவ?" என்று கேட்டார். யாரும் எதையும் எடுக்கவில்லை என்று புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் ஒன்றும் போடவில்லை. அந்தக் கையேட்டை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் 'பார்வை' என்று வரவே கூடாத இடத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது. 'இம்ப்ரெஷன்' என்று விட்டிருந்தால் மதினிக்குப் புரிந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் தீர்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த எண் உண்மையில் என்ன? காணொளியின் முகப்புப் படம், அதாவது தம்ப்நெயில், ஒருவருடைய திரையில் குறைந்தது பாதியளவாவது தெரியும்படி ஒரு நொடிக்கு மேல் நின்றால் ஒன்று என்று கணக்கு. அந்த ஒரு நொடியில் அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம், பஸ் வருகிறதா என்று தலையைத் திருப்பியிருக்கலாம். ஒரே ஆளின் திரையில் மூன்று தடவை வந்தால் மூன்றும் சேரும். எனவே இது தலைக்கணக்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டி வழியாகத் திறந்து பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மதினியின் 281-இல் 11 பேர் அப்படி வந்த சொந்தக்காரர்கள். மீதி 270தான் அந்த 14,200-இலிருந்து திறக்கப்பட்டவை.

சிறிய அளவில் காணொளி போடுகிறவர்களுக்கு இந்த எண் ஏன் உயிர் என்றால், தேடி வருகிறவர்களைவிடப் பரிந்துரையில் பார்க்கிறவர்களே அதிகம். யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரை வழியாக வருகிறது என்று அந்நிறுவனத்தின் நீல் மோகன் 2018-இல் சொன்னார். ஆக, பரிந்துரைப் பட்டியலில் படம் வந்து நிற்பதுதான் முதல் வாசல். அந்த வாசலுக்கு நம்மிடம் பெயர் இல்லை.

அதே 2018-இல்தான் விளம்பர வருமானப் பங்குக்கான வரம்பும் உயர்ந்தது. முந்தைய ஆண்டு மொத்தம் 10,000 பார்வை போதும் என்றிருந்தது, 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்று மாறியது. 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். மதினியின் காணொளியை ஒருவர் சராசரியாக இரண்டரை நிமிடம் பார்க்கிறார். அப்படியானால் 96,000 பார்வை வேண்டும். ஒரு காணொளிக்கு 281 என்றால் ஒரே ஆண்டில் 340-க்கும் மேற்பட்ட காணொளிகள். ஒரு பெட்டி முடையவே இரண்டு நாள் எடுக்கிற தொழில் இது. இந்தக் கணக்கை அவரிடம் நேராகப் பேச வேண்டுமானால் ஒவ்வொரு படிக்கும் ஏமாற்றாத ஒரு சொல் தேவை.

இனி, குழுவில் வந்த சொற்கள்.

'மனப்பதிவு' உளவியலில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ஒரு நொடி திரையில் நின்றதற்கு மனத்தில் பதிந்தது என்று சொன்னால் மிகை. 'காட்சி' திரையரங்குக்குப் போய்விட்டது. காலைக் காட்சி என்றால் படம் முழுதாக ஓடியது என்றாகும்.

'கண்படல்' என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். சொல்லழகு உண்டு. ஆனால் "கண் பட்டுடும்" என்று பிள்ளைக்குச் சுற்றிப் போடுகிற வீடுகளில் இது ஓடாது. பழைய வழக்கில் கண்படுதல் என்றால் உறங்குதல். தலைவனைப் புகழ்ந்து பாடும் பாடாண் திணையில், அரசன் உறங்குவதைப் பாடக் 'கண்படை நிலை' என்று ஒரு துறையே இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணேறு, மறுபக்கம் உறக்கம். நடுவில் நம் கணக்கை வைக்க இடமில்லை.

என் இப்போதைய முன்மொழிவு: தலைகாட்டல்.

"கல்யாணத்துக்குத் தலைகாட்டிட்டு வந்துட்டேன்" என்கிறோம். போனான், சற்று நேரம் நின்றான், அவ்வளவுதான். யாராவது அவனைக் கவனித்தார்களா, பந்தியில் உட்காரவைத்தார்களா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றுமே சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அதுதான். ஒரே ஆள் இரண்டு தடவை தலைகாட்டலாம் என்பதால் 'பேர்' என்ற மயக்கமும் வராது. அதைவிட, இது பெயராக மட்டும் நிற்காமல் வினையாகவும் நடக்கிறது: "உங்கள் காணொளி 14,200 முறை தலைகாட்டியது, 270 முறை திறக்கப்பட்டது." இந்த வாக்கியத்துக்கு உரை தேவையில்லை.

பேச்சுவழக்கு வாடை அடிக்கிறது என்று ஐயா சொல்லக்கூடும். அடிக்கட்டும். இதைப் படிக்கப்போகிறவர் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார். ஒரு மறுப்பை மட்டும் நானே ஒப்புக்கொள்கிறேன். தலைகாட்டுகிறவன் தன் விருப்பத்தில் வருகிறான், இங்கே காணொளி தானாக வருவதில்லை, யூடியூப் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனாலும் "மேகத்துக்குள்ளிருந்து நிலா தலைகாட்டியது" என்றும் எழுதுகிறோமே. உயிரில்லாதவற்றுக்கும் அது செல்கிறது.

அடுத்தது விகிதம். தலைகாட்டியதில் எத்தனை திறக்கப்பட்டது என்பதற்கு 'ஈர்ப்பு விகிதம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே, பாதி அலைவரிசைகளுக்கு, அதாவது சேனல்களுக்கு, இது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டப்படும்போது விகிதம் கூடுதலாக இருக்கும். முன்பின் தெரியாதவர்களின் முகப்புப் பக்கத்துக்குப் பரவும்போது இறங்கும். அதாவது எண் இறங்குவது பல சமயம் நல்ல செய்தி. 'ஈர்ப்பு 1.9' என்று படிக்கிற பெண் தன் கைவேலையில் ஈர்ப்பு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். நடந்ததை மட்டும் சொல்லும் சொல் போதும். 'சொடுக்கு' (கிளிக்) கணினி மவுஸைப் பிடித்த காலத்துச் சொல், இன்று விரலால் தொடுகிறார்கள். 'திறப்பு விகிதம்' என்று எழுதலாம் என்றிருந்தேன். அக்கா அதற்கும் எழுதிவிட்டார்.

> திறப்பு எண்டால் எங்களுக்குச் சாவி. விகிதத்தை நாங்கள் வீதம் எண்டுதான் எழுதுவம்.

'திறவு வீதம்' என்றால் இரு கரைக்கும் ஒத்துவருமா? தமிழ்நாட்டில் 'வீதம்' ஆளுக்கு இரண்டு வீதம் என்ற பொருளில்தான் நிற்கிறது. இதில் எனக்குத் தெளிவு இல்லை. மலேசிய நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.

குறுங்காணொளிகளின் (ஷார்ட்ஸ்) 'பார்வை'யைத் தனி இழையில் பேசலாம். 2025 மார்ச் 31 முதல் அங்கே ஓடத் தொடங்கினாலே ஒன்று என்று எண்ணுகிறார்கள். அதையும் பார்வை என்று அழைப்பது சரியா என்பது பெரிய கேள்வி. காணொளியா காணொலியா என்ற பழைய வழக்கை மட்டும் இந்த இழையில் தயவுசெய்து திறக்க வேண்டாம்.

நேற்று மதினியிடம் புதுச் சொல்லை விளக்கம் ஏதும் இல்லாமல் எழுதி அனுப்பினேன். ராத்திரி குரல்பதிவு வந்தது: "சொளகு வீடியோ இன்னைக்கு முந்நூறு தடவ தலகாட்டிருக்கு தம்பி, ஆறு பேருதான் உள்ள வந்துருக்காவ. மொகப்புப் படத்த மாத்திப் பாக்கட்டா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் குழுவின் சொற்பட்டியலில் 'தலைகாட்டல்' என்று ஏற்றிவிடுகிறேன்.