எம்.எஸ்ஸி விலங்கியல் முடித்துவிட்டுக் காட்டு ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

மலையடிவாரம்:
எல்லோருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி விலங்கியல், கடைசி செமஸ்டர். காட்டு விலங்கு ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, வீட்டிலோ பி.எட் போடு, வாத்தியார் வேலைக்குப் போ என்கிறார்கள். செந்நாய் ஆராய்ச்சி செய்த ஏ.ஜே.டி. ஜான்சிங் நம்ம நாங்குநேரிக்காரர் என்பதே 2024-ல் அவர் இறந்தபோது வந்த செய்தியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவர் எப்படி இதற்குள் வந்தார்? இன்றைக்கு அப்படி வர வழி இருக்கிறதா? மாதாமாதம் பணம் வருமா என்பதையும் சொல்லிவிடுங்கள், அப்பாவின் முதல் கேள்வி அதுதான்.

பந்திப்பூர் பைத்தியம்:
வீட்டில் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி, ஜான்சிங்கே வாத்தியார் வேலையிலிருந்துதான் காட்டுக்குப் போனார். சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர், 1976-லிருந்து 78 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் அலைந்தார். செந்நாயைக் கொன்றால் சன்மானம் கொடுத்த காலம் போய் அப்போது ரொம்ப வருடம்கூட ஆகவில்லை, மானைத் தின்று தீர்க்கும் பீடை என்றுதான் அதற்குப் பெயர். ஒரு இந்தியர் காட்டில் தானாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்ததில் அதுதான் முதல் என்பார்கள்.

வேலை என்னவென்று கேட்டால் பாதி நாள் செந்நாய் போட்ட எச்சத்தை, அதாவது அதன் மலத்தை, பொறுக்குவதுதான். எச்சத்தை அலசிக் காயவைத்தால் மயிரும் எலும்புத்துண்டும் மிஞ்சும், அந்த மயிரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தின்றது புள்ளிமானா கடமானா என்று தெரிந்துவிடும். அதோடு, அடித்துப்போட்ட இரையைத் தேடிப்போய், என்ன விலங்கு, குட்டியா பெரியதா, யார் அடித்தது என்று எழுதிவைக்க வேண்டும். செந்நாய் பகலில் வேட்டையாடுவது ஒரு வசதி. ஜான்சிங் செந்நாயோடு நிறுத்திக்கொள்ளாமல், புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் எதைத் தின்று எப்படி ஒன்றாகப் பிழைக்கின்றன என்று பார்த்தார், அதனால்தான் அந்த வேலையை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். செந்நாய் பிடிக்கும் என்று நூறு பேர் வருவார்கள், இப்படி ஒரு கேள்வியோடு வருகிறவர் குறைவு. நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அப்புறம் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி நிறுவனம், திரும்பி வந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் யானை ஆய்வு, 1985-லிருந்து 2005 வரை டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம். அங்கே அவரிடம் படித்தவர்களும் பயிற்சி எடுத்த வன அதிகாரிகளும் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். அவரோடு காட்டில் நடந்து ஈடுகொடுக்க இளவட்டங்களே திணறுவார்களாம்.

உண்ணிக்கடி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் 1976-ஐப் பார்த்து இன்று கிளம்பாதீர்கள். நான் ஏழு வருடம் இதில் இருந்து வெளியே வந்தவன். வன அனுமதிக்கே மாதக்கணக்கில் காத்திருந்தேன், ஒரு திட்டத்தில் நான்கு மாதம் உதவித்தொகை வரவில்லை, கேட்டால் கோப்பு மேசையில் இருக்கிறது என்பார்கள். உண்ணிக் கடித் தழும்பு மட்டும் மிச்சம்.

இன்னொன்று, புள்ளியியல் தெரியாமல் போகவே போகாதீர்கள். பல வருடம் காலடித் தடத்தை வைத்தே புலிகளை எண்ணினோம், காகிதத்தில் புலி இருந்தது, 2005-ல் பார்த்தால் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பத்து வருடம் முன்பே புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹோளே காட்டில் கேமரா வைத்து, ஒவ்வொரு புலியின் வரியும் வேறு என்பதைப் பிடித்துக்கொண்டு, படத்தில் சிக்காத புலிகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அவர் மெக்கானிக்கல் இன்ஜினியர், இடையில் விவசாயம் பார்த்தவர், முப்பது வயதுக்கு மேல்தான் புளோரிடாவுக்குப் போய் இதைப் படித்தார். என் ஏழு வருடத்தில் நான் காட்டைப் பார்த்ததைவிட லேப்டாப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

சோலைக்குயில்:
உண்ணிக்கடி அண்ணன் எப்போதும் இப்படித்தான் :) தம்பி, விலங்கியல் போதும். நம்ம ஊரிலேயே மன்னம்பந்தல் ஏ.வி.சி கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியல் இருக்கிறது, ஆனால் ஒரு எம்.எஸ்ஸி கையில் இருக்கும்போது இன்னொன்று தேவையா என்று யோசியுங்கள். நேராக சி.எஸ்.ஐ.ஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப் எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதை அப்பாவிடம் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது ஒரு வன விலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போய் வாருங்கள், நாலு நாள் அட்டைக்கடியில் நடந்தால் ஆசை நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். நான் போனபோது தடம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்தான், கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களிடம் மரியாதையாக இருங்கள்.

மலையடிவாரம்:
ரொம்ப நன்றி. 37,000 என்றதும் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார், அப்புறம் "அஞ்சு வருஷம் கழிச்சு, உதவித்தொகை நின்னதும்?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது?

உண்ணிக்கடி:
என் அப்பாவும் அதையேதான் கேட்டார், நானும் பதில் சொல்லாமல்தான் கிளம்பினேன். நெட் விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.